அடைக்கு வைத்த பிள்ளை

குழந்தை இல்லாத வீட்டில் குழந்தை பால் குடிக்கும் சத்தம் கேட்டது.

தம்புசாமி பாயில் கண் விழித்துக் கிடந்தான். ஒரு உறிஞ்சல், இன்னொரு உறிஞ்சல், பிறகு மூக்கால் இழுக்கும் சின்ன மூச்சு, மறுபடி உறிஞ்சல். அவசரமே இல்லாமல், வயிறு பாதி நிறைந்த பிள்ளை விளையாட்டுக்குக் குடிப்பது போல அது நடந்துகொண்டிருந்தது. வெளியே முள்வேலியைச் சுற்றி வரும் காவல்காரனின் பூட்ஸ் சரளைக் கல்லில் நொறுநொறுத்துப் போனது. புகைக் கொட்டகையில் ரப்பர் ஷீட்டு காய்கிற புளித்த வாடை லயத்துப் பலகை இடுக்குகளில் எப்போதும்போல நுழைந்து வந்தது. அதற்கு அடியில், மெல்லியதாக, பச்சைப் பால் வாடை.

பல்லி என்று சொல்லிக்கொண்டான். பல்லி மூச்சு இழுப்பதை யார் கேட்டிருக்கிறார்கள்? எலி என்றான். எலிக்கு இவ்வளவு பொறுமை கிடையாது. சத்தம் தடுப்புப் பலகைக்கு அந்தப் பக்கம், அவன் பெண்டாட்டி முனியாயி உட்கார்ந்திருக்கும் மூலையிலிருந்து வந்தது. கடைசியில், தூக்கத்தில் அவள் விரலைச் சூப்புகிறாள், பெற்ற வயிறு என்னவெல்லாம்தான் செய்யாது என்று முடிவு கட்டித் திரும்பிப் படுத்தான். தனக்குத் தோதான முடிவைக் கண்டுபிடிப்பதில் தம்புசாமி கெட்டிக்காரன். அந்தக் கெட்டிக்காரத்தனம் இல்லாவிட்டால் அந்த வருஷங்களில் தோட்டத்தில் ஒருவனும் தூங்கியிருக்க முடியாது.

பிறந்தது ஆண் பிள்ளை. பெயர்கூட வைக்கவில்லை. பன்னிரண்டாம் நாள் ராத்திரி காய்ச்சல் கண்டு கண் செருகியபோது தம்புசாமி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வேலிக் கதவுக்கு ஓடினான். தோட்டத்துக்கு மருந்து கொடுக்கும் டிரஸர் வீடு கதவுக்கு அந்தப் பக்கம், கூப்பிடு தூரம். ஆனால் ஊரடங்கு. ஆறு மணிக்கு முன் கதவைத் திறந்தால் காவல்காரனுக்கு வேலை போகும், வெளியே கால் வைத்தவனுக்கு உயிர் போகும். ஆறு மணிக்குக் கதவு திறந்தது. அதற்குள் திறந்து பிரயோசனம் இல்லாமல் போயிருந்தது.

அன்று சாயங்காலமே வேலிக்கு வெளியே ரப்பர் பால்மரக் காட்டில் புதைத்தார்கள். துணைக்கு வந்த இரண்டு ஸ்பெஷல் போலீஸ்காரர்களுக்கும் காட்டின் மேலேயே கண். "சீக்கிரம் லா அண்ணே, இருட்டுது" என்று அவர்களில் ஒருவனான காளிதாஸ் நாலு தடவை சொன்னான். அவன் இதே தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்த பையன். துப்பாக்கி கொடுத்ததும் சம்பளம் கூடியது, தூக்கம் போனது. குழி முழங்கால் ஆழம்கூட இல்லை. வேர் குறுக்கே வந்தது, விட்டுவிட்டார்கள். தம்புசாமி மூன்று கை மண் போட்டான். நாலாவது கை மண் போடுவதற்குள் தோளைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள்.

அதற்கு மறுநாள், கதவு திறந்ததும் வெளியே போய் வந்தபிறகுதான் முனியாயி மூலையில் உட்கார்ந்தாள். முழங்காலைக் கட்டிக்கொண்டு, கறுப்புக் கம்பளியைக் கழுத்துவரை போர்த்திக்கொண்டு, யாருடனும் ஒரு வார்த்தை பேசாமல். கிட்டே போனால் தொண்டைக்குள்ளிருந்து ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான். சோற்றுத் தட்டை எட்டி வைத்துவிட்டு நகர்ந்தால் காலையில் தட்டு காலியாக இருக்கும். விடிவதற்கு முன் ஒரே ஒரு தடவை எழுந்து கொல்லைப் பக்கம் போய் வருவாள். கம்பளியோடு போய்க் கம்பளியோடு வருவாள்.

அடைக்கோழி எப்படி உட்காரும் என்று தம்புசாமிக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. லயத்தில் நாற்பது வீட்டுக்கும் கோழி வைத்தியன் அவன். அடை கலைக்க வேண்டுமா, தண்ணீரில் மூன்று முக்கு முக்கி மூக்கில் இறகைச் செருகி விடுவான். வாங்கி வந்த குஞ்சை அடைக்கோழியிடம் சேர்க்க வேண்டுமா, அதற்கும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். ராத்திரியில் சேர், விளக்குக் காட்டாதே, வாயைத் திறக்காதே, கூட்டில் கிடக்கும் வைக்கோலைக் குஞ்சின் மேல் தேய்த்து வாடையை மாற்று, சேர்க்கும் முன் கோழிக்கு அடியில் கை விட்டுப் பார். ஏற்கெனவே ஒன்று பொரித்து வைத்திருக்கிற கோழி வந்த குஞ்சை உயிரோடு விடாது. வெறும் முட்டைமேல் உட்கார்ந்திருக்கிறவள் விடிந்ததும் எல்லாவற்றையும் தன்னுடையது என்று கூட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள். இதைக் கேட்டவனுக்கெல்லாம் சலிக்காமல் சொல்லுவான்.

அந்த வாரமும் புலாவ் செபாங் ரயிலடிக் கடையில் ஏழு குஞ்சு வாங்கி வந்து அடுப்போரம் பெட்டியில் வைத்திருந்தான். பின்கட்டில் ஒரு மரப்பெட்டிக்குள் செவலைக் கோழி இரண்டு கூமுட்டைமேல் உட்கார்ந்திருந்தது. இன்றைக்குச் சேர்க்கலாம், நாளைக்குச் சேர்க்கலாம் என்று இருந்தவனுக்கு நாளை வேறு மாதிரி விடிந்தது.

காலை ஒன்பது மணிக்கு வெட்டுக்காட்டிலிருந்து கங்காணி அலறிக்கொண்டு ஓடி வந்தான். தம்புசாமியின் அண்ணன் வடிவேலுவையும் அண்ணி மங்களத்தையும், காட்டில் ஒளிந்து அரசாங்கத்தோடு சண்டை போடும் காட்டுக்காரர்கள் பால்மரத்தில் சேர்த்துக் கட்டி வெட்டிப் போட்டிருந்தார்கள். வடிவேலு போலீசுக்குத் தகவல் சொன்னான் என்று ஒரு காகிதத்தில் எழுதி அவன் சட்டையிலேயே குத்தியிருந்தது. சொன்னானோ இல்லையோ, கேட்க அவன் இல்லை. பார்க்க வேண்டாம் என்று தடுத்தார்கள், தம்புசாமி பார்த்தான். அண்ணனின் கழுத்தில் பாராங்கத்தி நாலு தடவை விழுந்திருந்தது. அண்ணியின் இரண்டு கையிலும் விரல்கள் இல்லை, தடுத்திருக்கிறாள். மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணத்தில் வடிந்துகொண்டிருந்த பாலில் சிவப்புக் கலந்து கெட்டியாகி, ஈ மொய்த்துக் கிடந்தது. மரத்தடியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதான். அண்ணன்தான் அவனுக்கு அப்பாவும்.

பிணங்களைப் போலீஸ் லாரி கொண்டு போய் மறுநாள் மத்தியானம் திருப்பிக் கொடுத்தது. அதுவரை தம்புசாமி ஆபீஸ் வாசலிலேயே கிடந்தான். எரித்துவிட்டு வீட்டுக்கு வந்தபோது வாசலில் அன்னம்மா நின்றிருந்தாள். தாய்மார் வேலைக்குப் போனால் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகை அவள் பொறுப்பு. கையில் வடிவேலுவின் பிள்ளை, இரண்டு மாதத்துப் பாக்கியம்.

"தம்பி, இந்தப் புள்ள இனிமே தாங்காது" என்றாள். "டின்னு பாலு குடுத்தா கக்கிடுது. கடக்காரன் டின்ன ஓட்ட போட்டுத்தானே குடுக்குறான், காட்டுக்குப் போயிரக்கூடாதுன்னு. காலையில வாங்குனா மத்தியானத்துக்குள்ள புளிச்சுப் போவுது."

"டிரஸர் என்ன சொன்னாரு?"

"விடிஞ்சதும் லாரியில தம்பின் டவுனு ஆஸ்பத்திரிக்கு ஏத்துறேன்னாரு. விடியிற வரைக்கும் உசுரு இருக்கணுமே லா."

"பால் குடுக்கிறவுங்க ரெண்டு பேரு லயத்துல இருக்காங்களே அக்கா. கேட்டீங்களா?"

அன்னம்மா வேலிப் பக்கம் ஒரு பார்வை பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "கேக்காம இருப்பேனா? காலப் புடிக்காத கொற. காட்டிக் குடுத்தவன் புள்ளைக்குப் பால் குடுத்தோம்னு காட்டுக்குள்ள தெரிஞ்சா, அடுத்தது எங்க வீடுதான்னு கதவ சாத்திக்கிட்டாளுங்க. அவளுங்களச் சொல்லிக் குத்தமில்ல."

பாக்கியம் வாயைத் திறந்தது, சத்தம் வரவில்லை. உதடு வெளுத்திருந்தது. மத்தியானத்திலிருந்து விக்கல் மட்டும் விடவில்லை. நிமிஷத்துக்கு இரண்டு தடவை அந்தச் சின்ன உடம்பு முழுவதும் தூக்கிப் போட்டது. அதன் நெற்றி அப்படியே அண்ணன் நெற்றி. தம்புசாமிக்கு உலகத்தில் மிச்சம் இருந்த ரத்தம் அது ஒன்றுதான். அதையும் கதவு திறக்கும்வரை காத்திருந்து பறிகொடுக்க அவன் தயாராக இல்லை.

"முனியாயிகிட்டக் குடுத்துப் பாருங்க" என்றான்.

அன்னம்மா உள்ளே போனாள். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. தடுப்புக்குப் பின்னால் கம்பளி உதறும் சத்தம், ஒரு சீறல், அன்னம்மாவின் "ஐயோ!" வெளியே வந்தபோது கண்ணுக்குக் கீழே மூன்று கோடு கிழித்து ரத்தம் கழுத்துக்கு ஓடிக்கொண்டிருந்தது. பிள்ளையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தாள்.

"புள்ளையப் பாத்த பார்வ இருக்கே! கண்ணக் குத்தத்தான் வந்தா. நான் தூக்கலேன்னா போயிருக்கும்." மூச்சு வாங்கியது. "ஆனா பால் இருக்கு தம்பி. ஜாக்கெட்டெல்லாம் ஈரம், புது ஈரம். குடிக்க ஆளில்லாம இத்தன நாளாச்சு, பால் கட்டிக்கிட்டு அவ காய்ச்சல்ல விழுந்திருக்கணும். ஒண்ணும் ஆவல."

"நல்லதாப் போச்சு" என்றான் தம்புசாமி. அவன் வேறொன்றை யோசித்துக்கொண்டிருந்தான். "பகல்ல காட்டுனதுதான் தப்பு அக்கா. கோழிக்கு வெக்கிற மாதிரி ராத்திரி வெச்சிருவோம்."

"மனுசி என்ன கோழியா?"

"கோழி மாதிரிதானே ஒக்காந்திருக்கா. இருட்டுல வெச்சா வாய் பட்டதும் பால் எறங்கும். விடியறதுக்குள்ள அவ புள்ளையாயிரும்."

அன்னம்மா கன்னத்தைத் துடைத்துக்கொண்டே அவனைப் பார்த்தாள். வேண்டாம் என்று சொல்ல அவளுக்கும் வேறு வழி தெரியவில்லை. ஊரடங்குச் சங்கு ஊதுவதற்கு முன் பிள்ளையை அவன் கையில் கொடுத்துவிட்டுத் தன் வீட்டுக்குப் போனாள்.

வாடைக்கு என்ன செய்வது என்று கொடியைப் பார்த்தான். செத்த பிள்ளையைச் சுற்றிப் புதைக்க முனியாயியின் பழைய சேலை ஒன்றை இரண்டாகக் கிழித்திருந்தார்கள். மீதிப் பாதி கொடியில் தொங்கியது. எடுத்து, பாக்கியத்தைத் தலை முதல் கால்வரை அதில் சுற்றினான். தன் யோசனையை நினைத்து அந்தத் துக்கத்திலும் அவனுக்கு ஒரு சின்னப் பெருமை.

விளக்கை அணைத்தான். பத்து மணி இருக்கும். முதலில் கோழியைப் பார்த்துவிடலாம் என்று தோன்றியது. கை பழகட்டும் என்று தனக்குக் காரணம் சொல்லிக்கொண்டான். உண்மையில் அந்த மூலைக்குப் போவதைக் கொஞ்சம் தள்ளிப் போட்டான். பிள்ளையை இடது தோளில் போட்டுக்கொண்டு, குஞ்சுப் பெட்டியோடு பின்கட்டில் குந்தினான். செவலைக் கோழி இருட்டில் கொர்ரென்றது. மணிக்கட்டில் ஒரு கொத்து வாங்கிக்கொண்டு, பின்பக்கமாக இறகைத் தூக்கி, குஞ்சுகளை ஒவ்வொன்றாக வெதுவெதுப்புக்குள் தள்ளினான். தோளில் பாக்கியம் விக்கியது. அவசரம். ஏழாவது குஞ்சும் போனதும் கோழி உடம்பைப் பரப்பி அடங்கியது. சரிதான் என்று எழுந்தான்.

தடுப்பைத் தாண்டி முழங்காலில் நகர்ந்தான். கை தரையைத் தடவித் தடவி முன்னால் போனது. அவளுடைய மூச்சு கேட்டது, தூங்குகிறவளின் நீண்ட மூச்சு. பால் வாடை இங்கே கெட்டியாக இருந்தது, கூடவே ஈர மண் வாடை. மழை பெய்து பத்து நாளாயிற்றே என்று ஒரு நினைப்பு ஓரமாக வந்தது. வந்ததை நிறுத்தி விசாரிக்க அவனுக்கு நேரமில்லை. கம்பளியின் ஓரம் விரலில் தட்டுப்பட்டது. வாசல் பக்கமாக அதைத் தூக்கி, அவள் விலாவோரம் பிள்ளையை மெல்லச் செருகினான். அவள் உடம்பு கட்டையாக விறைத்தது. தொண்டையில் அந்தச் சத்தம் எழும்பியது. தம்புசாமி மூச்சை அடக்கிக்கொண்டு எல்லாச் சாமியையும் கூப்பிட்டான். சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. கை ஒன்று அசைந்தது. கம்பளி மூடிக்கொண்டது.

உறிஞ்சும் சத்தம் கேட்டது.

தன் பாய்க்கு வந்து வாயில் துண்டை அடைத்துக்கொண்டு அழுதான். பிழைத்துவிட்டது. அண்ணா, உன் பிள்ளை பிழைத்துவிட்டது. நாளைக்கு முனியாயி எழுந்து வெளிச்சத்துக்கு வருவாள், பிள்ளையைக் குளிப்பாட்டுவாள், தன்னோடு ஒரு வார்த்தை பேசுவாள். பெண் பிள்ளைதான் வீட்டுக்கு நல்லது. அழுகையும் சந்தோஷமும் கலந்து அப்படியே கிடந்து அந்தச் சத்தத்தைக் கேட்டான். ஒரு உறிஞ்சல், இன்னொரு உறிஞ்சல், மூச்சு.

பாக்கியம் விக்கியது.

உறிஞ்சல் நிற்கவில்லை.

தம்புசாமி துண்டை வாயிலிருந்து எடுத்தான். தனக்குத்தான் சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்தான். காத்திருந்தான். மறுபடி விக்கல், வாசல் பக்கத்திலிருந்து, பலவீனமாக. அதே நேரத்தில், சுவர்ப் பக்கத்திலிருந்து, அவசரமில்லாத உறிஞ்சல். விக்கிக்கொண்டே ஒரு பிள்ளை எப்படிக் குடிக்கும்? குடிக்குமோ என்னவோ. பிள்ளை வளர்த்துப் பழக்கமா அவனுக்கு? பன்னிரண்டு நாள் வளர்த்தான். அலுப்பு என்றான். இரண்டு நாள் தூக்கமில்லை, எரித்த புகை இன்னும் கண்ணில் இருக்கிறது, காது தன் பாட்டுக்கு எதையோ கேட்கிறது என்றான். அவன் கெட்டிக்காரத்தனம் அவனைக் கைவிடவில்லை. கண் சொருகியது.

பின்கட்டில் கோழிப் பெட்டி தடதடவென்று ஆடிய சத்தத்தில் விழித்தான்.

இருட்டு கலையவில்லை. கோழி கத்தவில்லை, கத்தாமல் எதையோ செய்துகொண்டிருந்தது. டொக், டொக் என்று மரத்தில் அலகு படும் சத்தம், நடுவில் மெத்தென்று வேறொன்றில் படும் சத்தம், ஒரு கிறீச், அது பாதியில் அறுந்தது. ஓடினான். விளக்கு எடுக்கவில்லை. பெட்டிக்குள் கை விட்டான். ஈரம். விரலில் பிசுபிசுப்பாக ஒட்டிய பஞ்சு மயிர், அதற்குள் நொறுங்கிய மண்டை. இன்னொன்று. இன்னொன்றுக்குக் கண் இருந்த இடத்தில் விரல் இறங்கியது. கோழி முகத்தில் பாய்ந்தது. புருவம் கிழிந்தது. இறக்கையைப் பிடித்துச் சுவரில் அடித்தான், அது மறுபடி வந்தது. கழுத்தை நெரித்துத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மற்றொரு கையால் கூட்டைத் துழாவினான். உடைந்த முட்டை ஓடு. அதன் பக்கத்தில், காய்ந்து, கதகதவென்று, உயிரோடு ஒரு குஞ்சு.

ஏழும் செத்துக் கிடந்தன. இது எட்டாவது. கூமுட்டை என்று அவன் நினைத்த இரண்டில் ஒன்று பொரித்திருந்தது. அவன் வருவதற்கு முன்பே அது அடியில் இருந்திருக்கிறது.

அடியில் கை விட்டுப் பார்க்கவில்லை.

கோழி கையிலிருந்து நழுவியது. தம்புசாமி அப்படியே குந்தியிருந்தான். புருவத்து ரத்தம் கண்ணில் இறங்கியது. துடைக்கத் தோன்றவில்லை. கோழிக்கு மட்டுமா கை விட்டுப் பார்க்கவில்லை? கம்பளியோடு போய்க் கம்பளியோடு வருவாள். புது ஈரம். பச்சைப் பால் வாடை. மூன்று கை மண்.

வீட்டுக்குள் பாக்கியம் விக்கியது.

எழுந்தான். முட்டி இடித்தது. தடுப்பில் மோதினான். விழுந்தான். முழங்காலில் போனான். "முனியாயி" என்றான். பேசக்கூடாது என்ற விதியெல்லாம் போய்விட்டது. "முனியாயி, புள்ளையக் குடு. அது அண்ணன் புள்ள. குடுத்திரு." தூங்குகிறவளின் மூச்சு இப்போது கேட்கவில்லை. விழித்திருக்கிறாள். இருட்டில் அவனைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

கம்பளிக்குள் கை விட்டான்.

பல் இறங்கியது. மணிக்கட்டில், எலும்புவரை. கத்தினான். விடவில்லை. தலையை ஆட்டி ஆட்டிக் கடித்தாள், சதை பிய்ந்தது. மற்றொரு கையால் அவள் முகத்தில் குத்தினான். கல்யாணம் செய்து ஆறு வருஷத்தில் ஒரு நாள் கை ஓங்கியதில்லை. மறுபடி குத்தினான். அவள் தலை பலகையில் மோதியது. மூக்கு உடைந்தது கைக்குத் தெரிந்தது. விடவில்லை. கடிபட்ட கையை அவளிடமே விட்டுவிட்டு, மறு கையை அவள் மடிக்குள் விட்டான்.

ஒரு மூட்டை. அதே சேலை. அதே மெல்லிய கரை.

பக்கத்தில் இன்னொரு மூட்டை. அதே சேலை. அதே கரை.

இரண்டும் அசைந்தன.

விக்கட்டும் என்று காத்திருந்தான். ஒரு விக்கல் போதும். விக்கு கண்ணு. விக்கு, சித்தப்பன் கெஞ்சுறேன். விக்கல் நின்றுபோயிருந்தது. அவள் பல் இன்னும் இறங்கியது. அவள் நகம் அவன் கண்ணைத் தேடி வந்தது. வாசல் பக்கம் வைத்தோம். வாசல் பக்கத்து மூட்டை. அவள் திரும்பி உட்கார்ந்தாளா? தெரியாது. தொட்டான். சூடு இருந்தது. துடிப்பு இருந்தது. உயிர் இருக்கிறது, அப்படியென்றால் இதுதான். அள்ளினான். கையை உருவினான், சதை அவள் வாயிலேயே தங்கியது. கதவை உதைத்துத் திறந்து வெளியே விழுந்தடித்து ஓடினான்.

"யாரது? நில்லு!" துப்பாக்கியின் குதிரை இழுபட்டது.

"சுடாத காளிதாசு! நாந்தான், தம்புசாமி! புள்ள... புள்ளையத் தூக்கிக்கிட்டு வந்துட்டேன்! கதவத் தொற!"

வேலியோரம் தொங்கிய கேஸ் விளக்கின் வெளிச்சத்துக்குள் வந்து நின்றான். மார்போடு அணைத்திருந்த மூட்டை சூடாக, கனமாக, நிம்மதியாக இருந்தது. சிரிப்பு வந்தது. காப்பாற்றிவிட்டான். காளிதாஸ் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு ஓடி வந்தான். "என்னண்ணே, கையெல்லாம் ரத்தம்? புள்ளைக்கு ஒண்ணும் இல்லையே?" என்று டார்ச்சை அடித்துக்கொண்டே முகத்துத் துணியை விலக்கினான்.

அப்போது வீட்டுக்குள்ளிருந்து பாக்கியம் அழுதது.

வீறிட்டு, முழு உயிரோடு, வயிறு நிறையக் குடித்த பிள்ளையின் குரலில்.

டார்ச் கீழே விழுந்து உருண்டது. புதைத்த அன்று குழிக்குப் பக்கத்தில் நின்றவன் காளிதாஸ். ஒரு அடி பின்னால் வைத்தான். இன்னொரு அடி. பிறகு ஓடினான்.

தம்புசாமி குனிந்து பார்க்கவில்லை. வீட்டைப் பார்த்தான். திறந்த கதவுக்குள் இருட்டு. இருட்டுக்குள் அழுகை. அதற்கு மேலே, இத்தனை நாளாகப் பேசாத முனியாயியின் குரல், நிதானமாக, தூங்கி எழுந்தவள் கேட்பது போல.

"இது யாரு புள்ள?"

"முனியாயி!" என்று கத்தினான். கால் நகரவில்லை.

"இது யாரு புள்ள?"

அழுகை உயர்ந்தது. பலகையில் ஏதோ மோதியது. லயத்தில் ஒரு கதவுகூடத் திறக்கவில்லை.

"யாரு புள்ள இது?"

மெத்தென்று ஒரு சத்தம். இன்னொன்று. அழுகை நின்றது.

தம்புசாமி அப்போதுதான் குனிந்தான். புதைத்தபோது இருந்ததைவிட முகம் பருத்திருந்தது. கன்னம் வைத்திருந்தது. காது மடிப்பில் மண், இமையில் மண், உதட்டில் பால். கண் திறந்து அவனைப் பார்த்துக்கொண்டிருந்தது, அடையாளம் தெரிந்த பார்வை. கையை விரித்து அதைக் கீழே போட்டான். அது விழவில்லை. ஐந்து சின்ன விரல்கள் அவன் சட்டையை இறுகப் பிடித்திருந்தன.